ஆன்லைனில் மண் பொறியியல் மாநாடு: கட்டுரை வாசிப்பதை விட்டுவிடுங்கள்

கேள்வி: வேலூர் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறை உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களோடு சித்தூரையும் சேர்த்து, இரண்டு நாள் வட்டார ஜியோடெக்னிக்கல் (மண், பாறைப் பொறியியல்) மாநாடு நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பணம் குறைவு என்பதால் முழுக்க ஆன்லைனில் வைத்துவிடலாம் என்கிறது நிர்வாகம். மூத்த பொறியாளர்களோ, "ஆன்லைன் என்றால் சான்றிதழுக்காக மாணவர்கள் வருவார்கள், நாங்கள் எதற்கு?" என்கிறார்கள். 60 கட்டுரைகள் வரை எதிர்பார்க்கிறோம். காலை 9.30 முதல் மாலை 5 வரை, இரண்டு இணை அமர்வுகளாக அட்டவணை போட்டிருக்கிறேன். இது சரிப்பட்டு வருமா? களப் பயணத்துக்கு என்ன செய்வது? கட்டணம் வாங்கலாமா?

பதில் (மண் ஆய்வு ஆலோசகர், வேலூர்):

அன்புள்ள பேராசிரியைக்கு,

ஆன்லைனில் தாராளமாக நடத்தலாம். 2021இல் சிட்னியில் கூடியிருக்க வேண்டிய 20ஆவது சர்வதேச மண் இயக்கவியல் மாநாடே கொரோனாவால் 2022 மே மாதத்துக்குத் தள்ளிப்போய், நேரிலும் இணையத்திலுமாக நடந்தது. உலகச் சங்கத்துக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? நிர்வாகம் சொல்வதில் தவறில்லை. மூத்த பொறியாளர்கள் சொல்வதிலும் தவறில்லை. கோளாறு உங்கள் அட்டவணையில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டுரைக்கு 10 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் கேள்வி என்றால் 60 கட்டுரைக்கு 15 மணி நேரம். இரண்டு இணை அமர்வாகப் பிரித்தாலும் ஆளுக்கு ஏழரை மணி நேரம் திரை முன்னால் உட்கார வேண்டும். பேசுபவர் 10 நிமிடத்தில் நிறுத்தப்போவதில்லை. கேள்வி நேரத்தைத்தான் கடித்துத் தின்பார். அரங்கத்தில் இந்தக் கொடுமையைத் தாங்கிக்கொள்ள நமக்கு வழி இருக்கிறது. டீ இடைவேளையில் கட்டுரையாளரை மடக்கிப் பிடித்து, "அந்த மூன்றாவது போரில் (ஆய்வுத் துளையில்) தண்ணீர் மட்டம் எங்கே?" என்று கேட்டுவிடலாம். திரையில் அந்த இடைவேளை கிடையாது. கேமராவை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

இதற்கான வழி நம் துறையிலேயே பழையதாக இருக்கிறது. 1936இல் ஹார்வர்டில், மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் டெர்சாகி தலைமையில் முதல் சர்வதேச மாநாடு கூடியது. அந்த வரிசையில் பிறகு வந்த மாநாடுகளில் கட்டுரைகள் குவியத் தொடங்கியதும், எழுதிய எல்லோரையும் மேடையேற்றுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு ஜெனரல் ரிப்போர்ட்டரை அமர்த்தினார்கள். பொது அறிக்கையாளர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தலைப்பில் வந்த கட்டுரைகள் அனைத்தையும் அவர் படித்துவிடுவார். எது எதோடு ஒத்துப்போகிறது, எது எதோடு முட்டுகிறது என்பதை அரங்கத்தில் எடுத்து வைப்பார். எழுதியவர்களும் மற்றவர்களும் அதன் மேல் விவாதிப்பார்கள். இன்று பல மாநாடுகளில் இந்த வழக்கம் தேய்ந்துவிட்டது. எல்லோருக்கும் மேடை வேண்டும், எல்லோருக்கும் மேடையில் நின்ற படம் வேண்டும். ஆன்லைனில் மேடையே இல்லை என்பதால் அந்த ஆசையைக் கழற்றி வைப்பது சுலபம்.

ஆகவே, 60 கட்டுரைகளை ஐந்து தலைப்பாகப் பிரியுங்கள். தலைப்புக்குப் பன்னிரண்டு வரும். கட்டுரையாளர் ஒவ்வொருவரும் ஆறு நிமிடப் பேச்சைப் பதிவு செய்து ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடட்டும். பார்க்க விரும்புகிறவர்கள் பஸ்ஸில் போகும்போதுகூடப் பார்த்துக்கொள்வார்கள். நேரலையில் அறிக்கையாளருக்கு 25 நிமிடம், மீதி ஒரு மணி நேரம் முழுக்க வாதம்.

அறிக்கையாளர் செய்ய வேண்டியது என்ன என்பதற்கு நம் ஊரிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். ஏலகிரி அடிவாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை, காட்பாடிப் பக்கம் ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சிதைந்த பாறையில் எடுத்த எஸ்.பி.டி. (குழாயைச் சுத்தியலால் மண்ணுக்குள் அடித்து இறக்கும் சோதனை) எண்ணிக்கையை வைத்துத் தாங்குதிறன் சொல்கின்றன. 63.5 கிலோ சுத்தியல், 75 செ.மீ. உயரத்திலிருந்து தடையின்றி விழ வேண்டும். முதல் 15 செ.மீ. இறங்கியதை விட்டுவிட்டு அடுத்த 30 செ.மீட்டருக்கு விழுந்த அடிகளை எண்ண வேண்டும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2131 சொல்வது இதுதான். ஆனால் நம் பக்கத்தில் துளையிடும் முக்காலி ரிக்கில், வின்ச் உருளையில் கயிறு சுற்றியபடியேதான் சுத்தியல் இறங்குகிறது. உருளையில் எத்தனை சுற்று கிடக்கிறது, கயிறு புதிதா நைந்ததா, மழையில் நனைந்ததா என்பதைப் பொறுத்து ஆற்றல் குறையும். ஆற்றல் குறைந்தால் அடிகளின் எண்ணிக்கை கூடும். மண் இருப்பதைவிடக் கெட்டியாகத் தெரியும். பிழை பாதுகாப்பான பக்கம் சாயாமல் ஆபத்தான பக்கம் சாய்கிறது. இரண்டு கட்டுரையாளர்களும் அட்டவணை போட்டிருப்பார்கள், வரைபடம் போட்டிருப்பார்கள். எந்த வகைச் சுத்தியல் என்று ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரியைக் கேட்பதற்குத்தான் அறிக்கையாளர்.

இன்னொன்றும் அவர் கேட்பார். நம் மலையடிவாரங்களில் சிதைந்த மண்ணுக்குள் முழு உருண்டைப் பாறைகள் புதைந்து கிடக்கும். ஒரு போர் 6 மீட்டரில் பாறையைத் தொட்டு நின்றுவிடும். பத்தடி தள்ளிப் போட்டால் 14 மீட்டர் வரை மண்ணாகவே போகும். முதல் போரில் தொட்டது தாய்ப்பாறையா, தனிக்கல்லா? துளைப்பவருக்கு அன்று வேலை முடிந்தால் போதும். உள்ளே மூன்று மீட்டராவது கோர் (துளையிலிருந்து உருளையாக எடுக்கும் பாறை மாதிரி) எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்க ஒருவர் வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு மணி நேரம், பன்னிரண்டு தனித்தனிப் பேச்சுகளைவிட மேலானது.

தலைப்புகளைப் பாடப்புத்தக அத்தியாயங்கள் போல வைக்காதீர்கள். "ஆழமற்ற அடித்தளங்கள்" என்று ஓர் அமர்வு வைத்தால் சென்னையில் இருப்பவரும் எழுதுவார், கொல்கத்தாவில் இருப்பவரும் எழுதுவார். வட்டார மாநாடு என்ற பெயருக்கு என்ன பொருள்? நம் வட்டாரத்தில் நடந்ததிலிருந்து எடுங்கள். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். ஈரத்தில் ஊறிய சுவர், கடைக்கால், வடிகால் பற்றி ஓர் அமர்வு அதிலிருந்தே பிறக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையே பொன்னை ஆற்று ரயில் பாலத்தின் தூணில் சேதம் தெரிந்து, காட்பாடித் தடத்தில் ரயில்கள் ரத்தாயின. ஆற்று மணலும் தூண்களைச் சுற்றிய அரிப்பும் இன்னோர் அமர்வு. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி 7 பேர் உயிரிழந்தார்கள். சரிவுகளின் நிலைத்தன்மை மூன்றாவது. ராணிப்பேட்டையின் குரோமியக் கழிவும், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழில் நிலத்தில் விட்டுச்சென்றதும் நான்காவது. ஏரிக்கரைகளும் ஏரிப்படுகைக் களிமண்ணும் ஐந்தாவது. சித்தூரைச் சேர்த்தது மிகச் சரி. 1911இல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை வட ஆற்காட்டின் தலைமையிடமே சித்தூர்தான். பொன்னை ஆறும் அங்கிருந்துதான் நமக்கு வருகிறது. அணைக்கட்டைப் பற்றி இரு மாநிலங்களுக்கிடையே உள்ள சண்டை ஆட்சியாளர்களுக்கு இருக்கட்டும். அரிப்பைப் பற்றிய தரவு நமக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வேண்டும்.

இனி நேரம். இரண்டு முழு நாட்களை விட்டுவிட்டு நான்கு மாலைகளாக ஆக்குங்கள், 5 மணி முதல் 8 வரை. மூன்று மாலைகளில் இரண்டு தலைப்பு வீதம் வைத்தால் ஐந்து தலைப்பும் முடிந்து சிறிது இடமும் மிஞ்சும். நான்காவது மாலையைப் பிறகு சொல்லப்போகும் ஒரு காரியத்துக்கு ஒதுக்குங்கள். பகலில் சைட்டில் நிற்கும் பொறியாளர் மாலையில்தான் ஓய்வாக உட்காருவார். மாதாந்திரப் பராமரிப்பு என்று துணை மின்நிலையத்தை நிறுத்துவதும் காலையில் தொடங்கிப் பகலோடு முடிகிற வேலை. மாலையில் அந்தத் தலைவலி இல்லை. வெளிநாட்டிலிருந்து யாரையாவது அழைத்தாலும் இந்த நேரம் தோதானது. நமக்கு மாலை 5 மணி என்றால் பாங்காக்கில் 6.30, டோக்கியோவில் இரவு 8.30, குளிர்கால லண்டனில் காலை 11.30. அமெரிக்கக் கிழக்குக் கரைக்காரர்தான் காலை 6.30க்கு எழுந்து உட்கார வேண்டும். அவரை அழைக்காவிட்டால் போயிற்று.

மாலைகளாகப் பிரிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. முதல் மாலை, உங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு சோதனையை நேரலையில் தொடங்கலாம். ஐ.எஸ். 2720இன் 40ஆம் பகுதியில் வரும் வீக்கக் குறியீட்டுச் சோதனை இதற்கென்றே செய்தது போல இருக்கும். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த ஏரிக் களிமண், உலர்ந்தது, பத்துப் பத்து கிராமாக இரண்டு பங்கு. 100 மில்லி அளவு உருளைகள் இரண்டு. ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். மண்ணைப் போட்டு, சிக்கியிருக்கும் காற்றைக் கலக்கி வெளியேற்றி, உருளைகளை அப்படியே விட்டுவிட வேண்டும், 24 மணி நேரத்துக்குக் குறையாமல். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது, நீரில் வீங்கும். கேமரா முன்னால் உருளைகளை வைத்துவிட்டு, நாளை மாலை எந்தக் கோட்டில் நிற்கும் என்று எல்லோரையும் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அமர்வு தொடங்கும்போது அளவைப் படியுங்கள். நீரில் 16 மில்லி, மண்ணெண்ணெயில் 10 மில்லி என்றால் 60 சதவீதம். தன் ஊகம் சரியா என்று பார்க்கவாவது இரண்டாம் நாள் எல்லோரும் நேரத்துக்கு வந்து சேர்வார்கள். ஒரே நாளில் முடித்துவிடும் மாநாட்டில் இதைச் செய்ய முடியாது.

இப்போது நான்காவது மாலை. உங்கள் மூத்த பொறியாளர்கள் வர மறுப்பதற்கு அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு காரணம் உண்டு. மாநாட்டில் அவர்களுக்கு விருப்பமான பகுதி, டீக் கோப்பையோடு தூண் ஓரமாக நின்று, எங்கே கட்டடம் இறங்கியது, எந்தத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளியது, யார் போர் போடாமலே லாக் ஷீட் (துளைப் பதிவுத்தாள்) எழுதினார் என்று பேசிக்கொள்வது. நம் தொழிலில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அந்தத் தூண் ஓரத்தில்தான் கிடைக்கிறது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த ஆலோசகரும் அதைச் சொல்லமாட்டார். வாடிக்கையாளர் வழக்குப் போடுவார் என்ற பயம். அது நியாயமான பயம். ஆகவே நான்காம் மாலை முழுவதும் பதிவில்லாத அமர்வாக இருக்கட்டும். அழைப்பின் பேரில் மட்டும், அதிகம் போனால் 40 பேர். யூடியூப் கிடையாது. திரையைப் படம் பிடிக்கக் கூடாது. வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், தெருப் பெயர் வேண்டாம், தாலுகா போதும். மண் விவரமும் நடந்ததும் மட்டும் பேச வேண்டும். முழுக்கத் தமிழில் நடத்துங்கள். துளைக்கும் வேலையை மேற்பார்க்கும் அனுபவசாலிகள் இரண்டு பேரையாவது அழையுங்கள். கயிறு எப்படிச் சுற்றப்படுகிறது என்பது பேராசிரியர்களைவிட அவர்களுக்குத் தெரியும். இப்படி ஒரு அமர்வு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள், "நாங்கள் எதற்கு?" என்று கேட்டவர்களே நேரம் கேட்டு போன் செய்வார்கள்.

களப் பயணத்தைக் காணொளியாக்கிவிடலாம் என்று யாராவது ட்ரோன் படத்தோடு வருவார்கள். வேண்டாம். மேலிருந்து பார்த்தால் எல்லா ஆறும் அழகாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் கோர் பெட்டியைக் காட்டுங்கள், ஆனால் ஒழுங்காக. செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காமல், பெட்டிக்கு நேர் மேலே ஸ்டாண்டில் பொருத்துங்கள். ஆழம் எழுதிய சீட்டுகள் தெரிய வேண்டும், பக்கத்தில் அளவுகோல் வேண்டும். முதலில் உலர்ந்த நிலையில் ஒரு படம். பிறகு தண்ணீர் தெளித்து ஒரு படம். நனைத்த பிறகுதான் நீஸ் பாறையின் பட்டைகளும், சிதைந்து நிறம் மாறிய விரிசல்களும் தெளிவாகத் தெரியும். பிறகு பார்வையாளர்களையே ஆர்.க்யூ.டி. என்னும் பாறைத் தரக் குறியீட்டைக் கணக்கிடச் சொல்லுங்கள். 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள துண்டுகளைக் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுத்தால் முடிந்தது, கேட்க எளிது. ஆனால் இயற்கையான விரிசலா, எடுக்கும்போது உடைந்ததா என்பதில் பத்துப் பேர் பத்து விடை சொல்வார்கள். உடைந்தது என்றால் சேர்த்து ஒரே துண்டாக எண்ண வேண்டும், விரிசல் என்றால் பிரித்து எண்ண வேண்டும். அந்தச் சண்டை நேரில் நடப்பதைவிடத் திரையில் நன்றாக நடக்கும். எல்லோரும் ஒரே படத்தை ஒரே நெருக்கத்தில் பார்க்கிறார்கள் அல்லவா?

நேரில் கூடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, சித்தூர் ஒவ்வொன்றிலும் ஒரு கல்லூரி வகுப்பறையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு புரொஜெக்டர், ஒரு நல்ல மைக், டீ. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் கேள்விகள் தாமாக வரும். தனியாக வீட்டில் இருப்பவர் கேட்கத் தயங்கும் கேள்வியைப் பக்கத்தில் இருப்பவர் தூண்டிவிடுவார். மாநாட்டை ஒட்டிய சனிக்கிழமை, ஒவ்வொரு மையமும் தன் ஊரில் ஓர் இடத்துக்குப் போய்வரட்டும். திருவண்ணாமலைக்காரர் பொன்னைக்கு வர வேண்டியதில்லை.

செல்போனில் பார்ப்பவர்களே அதிகம் இருப்பார்கள் என்பதை மனதில் வையுங்கள். முழு லாக் ஷீட்டை ஒரே ஸ்லைடில் போட்டால் அது எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு வரைபடம், அச்சுகளில் அலகு, பெரிய எழுத்து. இதைக் கட்டுரையாளர்களுக்கு எழுத்தில் அனுப்பி, மீறினால் திருப்பி அனுப்புங்கள்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். அந்த ஒரு மாதத்துக்காவது பணம் கட்டுங்கள். யூடியூப் சேனலில் முதன்முறையாக நேரலையை இயக்கினால் அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், ஆகவே முதல் நாள் மாலை 4.30க்கு அந்தப் பொத்தானைத் தேடாதீர்கள். உங்கள் அறைக்கு யு.பி.எஸ்., இரண்டாவது இணைய இணைப்பு, கேள்விகளைச் சேகரிக்க மட்டும் ஓர் ஆள். அந்த ஆள் மண் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

கட்டணம். கேட்பவர்களிடம் வாங்காதீர்கள், கட்டுரையாளர்களிடம் மட்டும் வாங்குங்கள், மாணவர்களுக்குப் பாதி. நிறுவனங்களிடம் நன்கொடை கேட்கும்போது லோகோ காட்டுகிறோம் என்று சொன்னால் ஆன்லைனில் யாரும் பெரிதாகத் தரமாட்டார்கள். பத்து நிமிடம் தருகிறோம், உங்கள் கைக்கு வந்த சிக்கலான ஒரு தளத்தைத் தரவோடு சொல்லுங்கள் என்று கேளுங்கள். விளம்பரம் பேசினால் மைக்கை அணைத்துவிடலாம் என்பது ஆன்லைனின் தனிச் சிறப்பு.

சான்றிதழ் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கொரோனா காலத்தில் கூகுள் படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ் என்று ஊரெல்லாம் விதைத்துவிட்டார்கள். அதன் விளைவைத்தான் உங்கள் மூத்தவர்கள் கிண்டல் செய்கிறார்கள். வந்தவர் எல்லோருக்கும் சான்றிதழ் என்று அறிவிக்காதீர்கள். கட்டுரையாளருக்கு உண்டு. எழுத்தில் ஒரு விவாதக் குறிப்பு, அரைப் பக்கமாவது, அனுப்பியவருக்கு உண்டு. அந்தக் குறிப்புகளைக் கட்டுரைகளுக்கு அடியிலேயே சேர்த்து அச்சிடுங்கள். பழைய மாநாட்டுத் தொகுதிகளில் படிக்கச் சுவையான பகுதி பெரும்பாலும் அவைதாம். தொகுதி ஸ்கோபஸ் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் வரும் என்று பதிப்பகத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் கைக்கு வரும் முன்னால் போஸ்டரில் போட்டுவிடாதீர்கள். அதை நம்பிக் கட்டுரை அனுப்பும் இளைய ஆசிரியர்களுக்குப் பிறகு உங்களால் பதில் சொல்ல முடியாது.

தேதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். டிசம்பர் வேண்டாம், இந்திய ஜியோடெக்னிக்கல் சங்கத்தின் ஆண்டு மாநாடு வழக்கமாக அந்த மாதத்தில்தான் வருகிறது, தீபத் திருவிழாவை ஒட்டி வைத்தால் திருவண்ணாமலையில் ஒருவரும் அகப்படமாட்டார். மார்ச் வேண்டவே வேண்டாம், அரசுத் துறைகளில் எல்லோரும் பில் பாஸ் செய்வதில் மூழ்கியிருப்பார்கள். பொங்கல் கழிந்து ஜனவரிக் கடைசி வாரம் தோதாக இருக்கும்.

அப்படியானால் அறிக்கையாளர் ஐவரையும் இப்போதே பிடிக்க வேண்டும். கட்டுரைகள் கையில் கிடைத்த பிறகு பன்னிரண்டையும் படித்து மோத விட அவர்களுக்கு ஆறு வாரமாவது தேவை. ஐவருமே பேராசிரியர்களாக இருக்க வேண்டாம். ஆற்று அரிப்பு அமர்வுக்குப் பொதுப்பணித் துறையில் பாலாற்றைப் பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைக் கேளுங்கள். கணினியில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய முடியாது என்று முதலில் மறுப்பார். முதுகலை மாணவர் ஒருவரைத் துணைக்கு அனுப்புகிறோம் என்றால் ஒப்புக்கொள்வார்.